வீட்டு ஆட்களுக்கு இங்கே பார்ப்பதில்லை

நாற்பத்தெட்டு மணி நேரமாக என் வலது கால் அப்பாவின் கிளினிக்கில் காத்திருக்கிறது. நான் அதற்குத் துணையாக வந்திருக்கிறேன்.

டோக்கன் காலின் பெயரில்தான் இருக்கிறது. என் பெயரில் தர முடியாது என்று கம்பவுண்டர் சொரிமுத்து அண்ணாச்சி சொல்லிவிட்டார். சுவரில் பலகை இருக்கிறது. 'வீட்டு ஆட்களுக்கு இங்கே பார்ப்பதில்லை.' நான் டாக்டரின் மகள். கால் யாருடைய மகளும் இல்லை.

"பேரு?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"சுடர்விழி."

"உம் பேரு எனக்குத் தெரியாதா பாப்பா? நோயாளி பேரைச் சொல்லு."

"வலது கால்."

"வயசு?"

"இருபத்திமூணு."

"துணைக்கு வந்தது?"

"நான்."

"என்ன உறவு?"

"என் கால் அண்ணாச்சி."

"அது சரி. உறவு என்னன்னு கேட்டேன்."

நான் யோசித்தேன். "கூடப் பிறந்தது" என்றேன். எழுதிக்கொண்டார்.

கிளினிக் நேரம் மாலை ஐந்து முதல் ஒன்பது வரை. நாங்கள் வந்ததிலிருந்து இன்னும் ஒன்பது ஆகவில்லை. யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்பாவிடம் காட்ட வேண்டுமென்றால் காத்திருக்கத்தான் வேண்டும்.

காலில் நடந்தது சாதாரண விஷயம். ஸ்கூட்டியின் சைடு ஸ்டாண்டு கெண்டைக்காலில் கீறியது. கழுவினேன். மறுநாள் கீறலைச் சுற்றிச் சிவந்தது. அதற்கு மறுநாள் சிவப்பு மேலே ஏறத் தொடங்கியது. எங்கே வரை ஏறியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள பால்பாயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டேன். சிவப்பு கோட்டைத் தாண்டியது. இன்னொரு கோடு போட்டேன். இப்போது என் கால் பிள்ளைகளின் ஸ்கேல் மாதிரி இருக்கிறது.

"முட்டுக்கு மேல போச்சுன்னா சொல்லு பாப்பா" என்றார் அண்ணாச்சி. "காலைத் தனியா அனுப்பிருவோம். நீ வீட்டுக்குப் போகலாம்."

"எங்க அனுப்புவீங்க?"

"அது காலு சம்பந்தப்பட்ட விஷயம்."

வெட்டி எடுத்துவிடுவார்கள் என்று அதற்கு அர்த்தம். நான் தலையாட்டினேன். கால் ஆட்டவில்லை.

நான் நுண்ணுயிரியல் படித்தவள். கிளினிக்கின் பின்னறையில் ஒரு சின்ன லேப் இருக்கிறது. வந்தவுடன் புண்ணிலிருந்து பஞ்சுக் குச்சியில் எடுத்து ஒரு தட்டில் பூசி வைத்தேன். தட்டு என்பது உள்ளங்கை அகலக் கண்ணாடிக் கிண்ணம். அடியில் கடற்பாசி ஜெல்லி இருக்கும். அதில் கிருமியைப் பூசி, மேலே மருந்தில் நனைத்த சின்னக் காகிதப் பொட்டுகளை வைப்போம். கிருமி எந்த மருந்துக்குப் பயப்படுகிறதோ, அந்தப் பொட்டைச் சுற்றி வளராது. அங்கே ஒரு வெற்று வளையம் விழும். பயமில்லை என்றால் பொட்டின் விளிம்பு வரை வந்து உட்கார்ந்துகொள்ளும். வளையம் விழுந்த மருந்து காலைக் காப்பாற்றும். வளையமே விழாவிட்டால் காப்பாற்ற ஆளில்லை.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது. யாரிடமும் பேச வேண்டியதில்லை. பார்த்தால் போதும்.

தட்டுக்கும் நாற்பத்தெட்டு மணி நேரம் ஆகிறது.

பக்கத்தில் இசக்கியம்மா அக்கா உட்கார்ந்திருந்தாள். மடியில் மகன். மகனுக்கு மூக்கு ஒழுகியது. அவன் தும்மினான்.

"நூறு" என்றது ஹால் முழுவதும்.

மறுபடி தும்மினான்.

"இருநூறு."

"என்ன செய்யுது அக்கா?" என்று கேட்டேன். கேட்காவிட்டால் மரியாதை இல்லை.

"சளி. நேத்துலேர்ந்து. டாக்டரு ஒரு ஊசி போட்டு, சிவப்புக் கறுப்பு எழுதிக் குடுத்தாவன்னா காலையில ஸ்கூலுக்கு ஓடிருவான். உன் காலுக்கு என்ன?"

"ஏறுது அக்கா."

அவள் காலைப் பார்த்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அதில் வெட்டிய அட்டைத் துண்டில் இரண்டு மாத்திரைகள் இருந்தன. பாதி சிவப்பு, பாதி கறுப்பு.

"போன தடவ மிச்சம். இவனுக்கு ரெண்டு நாள்ல சரியாப் போச்சு. நிப்பாட்டிட்டேன். வீணாக்கக் கூடாதுல்லா? சாமி படத்துக்குப் பின்னால எடுத்து வச்சிருந்தேன். காலுக்குக் குடு."

"காலுக்கு வாய் இல்லையே அக்கா."

"அப்ப நீ போடு. கூடப் பொறந்ததுதான?"

நான் வாங்கவில்லை. அவள் கோபப்படவில்லை. மறுபடி முடிந்துகொண்டாள். "வேணும்னா கேளு" என்றாள்.

திரைச்சீலைக்குப் பின்னால் பேனா ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது அப்பாவின் வலது கை.

அப்பாவுக்குக் கைராசி உண்டு. டாக்டர் பொன்னரங்கம் ஒரு தடவை எழுதினால் போதும், மறு தடவை வர வேண்டாம் என்பார்கள். அந்த ராசி வலது கையில் இருக்கிறது. அதனால் வலது கை கிளினிக்கிலேயே இருக்கிறது. சாப்பிட, குளிக்க, தூங்க அப்பா வீட்டுக்குப் போவார். கை போகாது. மேஜையின் பச்சை ரெக்சின் விரிப்பில் இருந்துகொண்டு எழுதும். ஊரில் யாருக்கும் இதில் ஆட்சேபம் இல்லை. அவர்கள் வருவது கைக்காகத்தான்.

திரைச்சீலையின் இடைவெளி வழியாக நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் போய் உட்கார்வார். 'சளி' என்பார். கை எழுதும். அடுத்தவர் 'தொண்டை கரகரப்பு' என்பார். கை எழுதும். கிருமியைக் கொல்லும் மாத்திரைகளை எங்கள் ஊரில் நிறத்தை வைத்துத்தான் சொல்வார்கள். சிவப்புக் கறுப்பு. மஞ்சள். நீள வெள்ளை. ஒரு நாள் கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவர் தவறி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் எழுதியது. அவர் வாங்கிக்கொண்டு போனார். நன்றாகத்தான் இருக்கிறார்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அப்பா ஒரு நாள் கையை எழுத விடவில்லை. அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார். வந்தவர்களிடம் வெந்நீர் குடியுங்கள் என்று மட்டும் சொன்னார். அவர்கள் கேட்டுக்கொண்டு எழுந்து போனார்கள். தெருவைக் கடந்து எதிர் கிளினிக்குக்குள் நுழைந்தார்கள். சாயங்காலம் அப்பாவின் கையும் அங்கே இருந்தது. எதிர் டாக்டரின் மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தது. அப்பா போய்க் கெஞ்சினார். இனி தடுக்க மாட்டேன் என்று சொன்ன பிறகுதான் அது திரும்பி வந்தது. நான் அப்போது அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சிவப்பு அடுத்த கோட்டைத் தொட்டது.

பலகையை மறுபடி படித்தேன். வீட்டு ஆட்களுக்கு இங்கே பார்ப்பதில்லை. அப்படியானால் வீட்டில் பார்ப்பார்கள் என்றுதானே அர்த்தம். இதை ஏன் முதலிலேயே யோசிக்கவில்லை என்று தெரியவில்லை.

எழுந்து போனால் இடம் போய்விடும். பஸ்ஸில் துண்டு போடுவது போல காலைப் பெஞ்சில் வைத்தேன்.

"பாத்துக்கிடுதேன்" என்றாள் இசக்கியம்மா அக்கா. "சீக்கிரம் வா. இவன் மேல ஏறி விளையாடுவான்."

நான் ஒரு காலில் வீட்டுக்குப் போனேன்.

கிளினிக்குக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு சின்ன நடைபாதை உண்டு. கையை நீட்டினால் அந்தப் பக்கத்துக் கதவு எட்டும். இன்று அது நீண்டிருந்தது. நடுவில் ஒரு டீக்கடை வந்திருந்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்தார்.

"டாக்டர் வீட்டுப் பாப்பாவா? வீட்டுக்கா போற?"

"ஆமா."

"நேராப் போ. டாக்டரு இப்பத்தான் போனாவ. முந்தாநாள்."

அப்பா சாப்பாட்டு மேஜையில் இருந்தார். இடது கையில் ஸ்பூன் பிடித்து ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வலது சட்டைக் கை காலியாக மடியில் கிடந்தது. எங்கள் வீட்டில் விருந்தாளிகளைச் சாப்பிடக் கூப்பிடுவதில்லை. அவர் இடது கையால் சாப்பிடுவதைப் பார்த்தால் சங்கடப்படுவார்கள்.

"அப்பா" என்றேன். "கால்."

"வீட்ல டாக்டர் இல்லம்மா."

"நீங்கதானே டாக்டர்?"

"அது அங்க. இங்க நான் அப்பா."

"சரி. அப்பாவா என்ன சொல்றீங்க?"

அவர் ஸ்பூனை வைத்தார். இடது கையின் பின்புறத்தை என் நெற்றியில் வைத்தார். "வெந்நீர் குடி. உப்புத் தண்ணில கொப்புளி. மூணு நாள் பாப்போம்."

"காலால எப்படிப்பா கொப்புளிக்கிறது?"

அவர் யோசித்தார். நியாயமான கேள்வி என்று அவருக்கும் பட்டது.

"ரெஸ்ட் எடு" என்றார்.

இது புதிதில்லை. சின்ன வயதில் எனக்கும் சளி பிடிக்கும். காய்ச்சல் வரும். அப்போதும் இதே இடது கை. இதே வெந்நீர். நான் போர்வைக்குள் படுத்துக்கொண்டு கிளினிக் குப்பைக் கூடையிலிருந்து எடுத்து வந்த காலி மாத்திரை அட்டைகளை வைத்து விளையாடுவேன். ஒவ்வொரு குழியிலும் விரல் நுனியை வைத்துப் பார்ப்பேன். ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சிவப்புக் கறுப்பு கிடைத்தது. எனக்கு மட்டும் கிடைக்கவில்லை. அப்பாவுக்கு அந்தப் பிள்ளைகளைத்தான் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதனால் நானும் அவர்களைப் போல் கிளினிக் பெஞ்சின் ஓரத்தில் போய் உட்காருவேன். சத்தம் போடாமல் இருப்பேன். கை கூப்பிடவே இல்லை. சத்தம் போடாமல் இருப்பது மட்டும் பழகிவிட்டது.

கல்லூரியில் இரண்டாம் வருடம் சளியைப் பற்றி ஒரு பாடம் வந்தது. படித்தேன். புத்தகத்தை மூடினேன். அந்த வாரம் அப்பா ஹாஸ்டலுக்கு அல்வா கொண்டுவந்தார். இடது கையால் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். பாடத்தில் இருந்ததைப் பற்றி அவரிடம் கேட்கவில்லை. வேறு யாரிடமும் சொல்லவும் இல்லை.

"அப்பா" என்றேன். "மூணு நாள்ல கால் இருக்காது."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் பாவாடைக்குக் கீழே பார்த்தார். அங்கே ஒரு கால்தான் இருந்தது.

"இன்னொண்ணு எங்க?"

"வரிசைல."

அப்பா எழுந்தார். கை கழுவவில்லை. கழுவ வேண்டிய கை அங்கே இல்லை.

நாங்கள் திரும்பி நடந்தோம். டீக்கடை இருந்த இடத்தில் இப்போது இரண்டு டீக்கடைகள் இருந்தன. இரண்டிலும் ஒரே ஆள்தான் ஆற்றிக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு இரண்டு பேராகவும் வணக்கம் சொன்னார்.

ஹாலில் கால் அப்படியே இருந்தது. இசக்கியம்மா அக்காவின் மகன் அதன்மேல் பொம்மை ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தான். ஜீப் கோடு கோடாக நின்று நின்று போனது. காலைப் போட்டுக்கொண்டேன். செருப்புப் போடுவது மாதிரிதான். ஆனால் கனத்தது. சிவப்பு முட்டுக்குக் கீழே வந்திருந்தது.

"வலது கால்!" என்று அண்ணாச்சி கூப்பிட்டார்.

நான் உள்ளே போனேன். இந்த நாற்காலியில் நான் உட்கார்ந்ததே இல்லை. இருக்கை சூடாக இருந்தது. காலைத் தூக்கி மேஜை ஓரத்தில் வைத்தேன். கை எழுத ஆரம்பித்தது. பிறகு நின்றது.

பேனாவைக் கீழே வைத்தது. விரல்களால் நடந்து காலருகே வந்தது. என் சுண்டுவிரலைத் தொட்டது. எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் கால் சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருக்கும். கை அதைத் தடவிப் பார்த்தது. இரண்டு தடவை. பிறகு பின்வாங்கி, பச்சை விரிப்பில் கவிழ்ந்து படுத்துக்கொண்டது.

"வீட்டு ஆளு" என்றார் அண்ணாச்சி. "கண்டுபிடிச்சிருச்சு."

"காலுக்குத்தான் டோக்கன்" என்றேன்.

"காலும் வீட்டு ஆளுதான் போல பாப்பா. நாந்தான் கவனிக்கல."

அப்பா உள்ளே வந்தார். இடது கையால் வலது கையை எடுத்தார். அது வரவில்லை. இழுத்தார். காலியான சட்டைக் கைக்குள் அதை விட்டு மாட்டினார். எழுது என்றார். அது எழுதவில்லை. அவர் இடது கையால் அதன் விரல்களைப் பிடித்து, பிள்ளைகளுக்கு அரிச்சுவடி எழுதப் பழக்குவது போல அழுத்தி எழுத வைத்தார். சிவப்புக் கறுப்பு எழுதினார். மஞ்சள் எழுதினார். நீள வெள்ளை எழுதினார். இருந்ததை எல்லாம் எழுதினார்.

நான் பிறந்ததிலிருந்து அப்பா எனக்கு எழுதிய முதல் சீட்டு. காலின் அபாயம் எனக்குத் தெரியும். இருந்தாலும் சந்தோஷமாக இருந்தது. சீட்டை யாருக்கும் தெரியாமல் ஒரு தடவை முகர்ந்து பார்த்தேன்.

"எந்த மருந்து கேக்கும்னு தெரியணும்பா" என்றேன். "தட்டு இப்ப ரெடியா இருக்கும்."

"தட்டு சின்னது" என்றார் அண்ணாச்சி. "ஆறு பேரு நிக்க எடம் பத்தாது. ஹால்ல வச்சுப் பாத்துருவோம்."

அவர் பின்னறைக் கதவைத் திறந்தார். உள்ளே மருந்துகள் அட்டைப்பெட்டிகள் மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு பேர். சிலர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளங்காலைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். சிவப்புக் கறுப்பு நடுத்தர வயதுக்காரர். இடுப்புக்கு மேலே சிவப்புச் சட்டை, கீழே கறுப்பு பேன்ட். மஞ்சள் கொஞ்சம் இளையவர். யாரும் நேராகப் பார்க்கவில்லை.

"கேஸு" என்றார் அண்ணாச்சி.

"யாரு?" என்றார் சிவப்புக் கறுப்பு.

"டாக்டர் மக."

அவர் எழுந்து நின்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "டாக்டர் வீட்டுக்கு நாங்க போனதே இல்லையே" என்றார். பெருமையாகச் சொன்னாரா வருத்தமாகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

ஹால் எப்போதும் சதுரமாக இருக்கும். இப்போது வட்டமாக இருந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் பெஞ்சை விட்டுத் தரையில் பரவியிருந்தார்கள். ஆறு பேரும் போய் ஆறு இடத்தில் நின்றார்கள். நான் வாசல்படியில் காலை நீட்டி உட்கார்ந்து கவனித்தேன். இது எனக்குத் தெரிந்த பாடம். கூட்டம் விலக வேண்டும். யாரைச் சுற்றி விலகுகிறதோ அவர் என் காலைக் காப்பாற்றுவார்.

யாரும் விலகவில்லை.

மஞ்சளின் தோளில் ஒருவர் கை போட்டார். நீள வெள்ளைக்கு ஒரு கிழவர் உட்கார இடம் ஒதுக்கிக் கொடுத்தார். இசக்கியம்மா அக்காவின் மகன் சிவப்புக் கறுப்பின் முழங்காலைக் கட்டிக்கொண்டான்.

"மாமா" என்றான்.

"மாமாதான்" என்றாள் அவள். "எப்ப வந்தீய? இருங்க, காப்பி வாங்கிட்டு வரச் சொல்லுதேன்."

சிவப்புக் கறுப்பு என்னைப் பார்த்தார். முகத்தில் வெட்கம் இருந்தது.

"பழகிருச்சு பாப்பா" என்றார். "அஞ்சு நாளைக்குன்னுதான் கூப்பிடுதாவ. ரெண்டாம் நாளே காப்பி குடுத்து அனுப்பிருதாவ. அடுத்த மாசம் மறுபடி கூப்பிடுதாவ. சும்மா தும்முனா கூப்பிடுதாவ. போகப் போக வீட்டுக்குள்ள ஒளிஞ்சு இருக்கவனுக்கெல்லாம் நம்ம நடை தெரிஞ்சு போச்சு, நம்ம வேலை தெரிஞ்சு போச்சு. பொறவு என்னத்துக்குப் பயப்படுவான்?"

"எனக்கு ஒரு தடவை கூட நீங்க வந்ததில்லையே" என்றேன்.

"உனக்கு வரல. உன் காலுக்குள்ள இருக்கவன் இங்கனதான வளந்திருக்கான்?"

அவர் சொன்னது சரி. நான் வாழ்க்கையில் ஒரு மாத்திரையும் போட்டதில்லை. என் காலில் இருந்த கிருமி எல்லா மாத்திரையையும் போட்டிருந்தது.

சிவப்பு முட்டின் கீழ் விளிம்பைத் தொட்டது. வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது.

"காலுக்கு மட்டுந்தான்" என்றார் ஆட்டோக்காரர். "வேற ஆள் ஏறக் கூடாது."

"பெரியவரைக் கூப்பிடுங்க" என்றார் அப்பா.

அண்ணாச்சி ஃப்ரிட்ஜைத் திறந்தார். தயிர் பாக்கெட்டுகளுக்குப் பின்னால் பெரியவர் உட்கார்ந்திருந்தார். கம்பளியும் குரங்குக் குல்லாவும் போட்டிருந்தார். மற்ற எல்லாரும் கைவிட்ட பிறகு கூப்பிட வேண்டிய மருந்து அவர். கூப்பிட நேரவே கூடாது என்று எங்கள் பேராசிரியை சொல்வார். பெரியவர் மெதுவாக வந்து ஹாலின் நடுவில் நின்றார்.

"அட, ஐயாவா?" என்றார் தரையில் உட்கார்ந்திருந்த ஒருவர். "போன மாசம் எங்க வீட்டுக்கு வந்தீயள்லா? மச்சானுக்கு வயிறு சரியில்லன்னு?"

"எங்க வீட்டுக்கும் வந்தாவ" என்றார் இன்னொருவர்.

பெரியவர் குல்லாவைக் கழற்றினார். தலையைக் குனிந்துகொண்டார். ஒருவர் அவருக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தார். கூட்டம் அவர் கால் விரல் வரை வந்து உட்கார்ந்தது.

அண்ணாச்சி என்னிடம் குனிந்தார். "காலோட செருப்பு எங்க பாப்பா? கூட அனுப்பணும்லா."

"வேற யாரும் இல்லையாப்பா?" என்று கேட்டேன்.

என் பக்கத்தில் நின்ற அப்பா சுவரைப் பார்த்து, "வேற இல்ல" என்றார்.

ஹாலில் யாரும் அதை நம்பவில்லை.

"அதெப்படி டாக்டரே இல்லாம இருக்கும்?" என்றாள் இசக்கியம்மா அக்கா. "பெத்த மகளுக்குன்னு ஒண்ணு எடுத்து வைக்காமலா இருப்பீய?"

"ஆமா" என்றார்கள்.

"பாப்பாவைச் சின்னதுலேர்ந்து பாக்கோம். எங்க பிள்ளைய மாதிரி மாசா மாசம் இங்க வந்து கெடந்ததில்ல. வீட்டுல என்னமோ நல்லதாத்தான் குடுத்திருக்கீய. அது என்ன கலரு?" என்றாள் அக்கா.

அப்பா வாசலில் நின்ற ஆட்டோவைப் பார்த்தார்.

"நாங்க கேக்க மாட்டோம் டாக்டரே. எங்களுக்கு வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு மட்டும் எடுத்துக் குடுங்க. காலு போயிரும் போல இருக்கு."

அவள் குரல் உடைந்தது. என் காலுக்காக அழுதாள். முந்தானையில் முடிந்த மாத்திரைகள் அவள் தோளில் ஆடின.

"சுடர்" என்றார் அப்பா. "எழுந்திரு. வீட்டுக்குப் போவோம்."

"எழுந்திரிக்க முடியல அப்பா."

"அப்ப நீயே சொல்லு பாப்பா" என்றாள் அவள். "உனக்கு என்ன குடுப்பாவ?"

ஹால் முழுவதும் என்னைப் பார்த்தது. ஆறு மருந்துகளும் பெரியவரும் பார்த்தார்கள். இந்த ஹாலில் நான் சத்தமாகப் பேசியதே இல்லை. பேசுவதற்குத் தொண்டையை எங்கே வைத்துக்கொள்ள வேண்டும் என்று தெரியவில்லை.

"வெந்நீர்" என்றேன்.

"அதில்ல. மாத்திரை."

"இல்ல அக்கா. இதுல எதுவும் எனக்குக் குடுத்ததில்ல. ஒரு தடவை கூட."

மகன் தும்மினான். யாரும் நூறு சொல்லவில்லை.

அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தவர் காலை மடக்கிக்கொண்டார். அவருக்கு அடுத்தவர் துண்டை எடுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். பிறகு எல்லாரும். அவசரமில்லாமல், ஒருவரை ஒருவர் பார்க்காமல் நகர்ந்தார்கள். அப்பாவைச் சுற்றி ஒரு வெற்று வளையம் விழுந்தது. விளிம்பு சுத்தமாக இருந்தது. இவ்வளவு நல்ல வளையத்தை நான் எந்தத் தட்டிலும் பார்த்ததில்லை. அதற்குள் விலகாமல் இருந்தது நான் மட்டும்தான். என் கால் நகரவில்லை.

"ஏன் குடுக்கல?" என்று இசக்கியம்மா அக்கா கேட்டாள். மகனைச் சிவப்புக் கறுப்பிடமிருந்து பிரித்துத் தன்னோடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவின் வலது கை என் கையைப் பிடித்தது. அது என்னைப் பிடித்தது இதுதான் முதல் தடவை. மெத்தென்று இருந்தது. நடுவிரலில் பேனாக் காய்ப்பு இருந்தது. இவ்வளவு காலம் எனக்கு இது வேண்டும் என்று இருந்தேன். அது அழுத்தியது. சொல்லாதே என்று அழுத்தியது.

"ஏன் பாப்பா?"

"சளிக்கு அது தேவையே இல்ல அக்கா" என்றேன். "அப்பாவுக்கு ஆரம்பத்துலேர்ந்தே தெரியும்."